முணுமுணுவோட வண்டி

டெய்லரக்கா: ...அந்த நாற்காலியில ஆடாதடி. மூணாங்கிளாஸ் பிள்ளைங்களுக்குன்னு செஞ்சது அது. நீ உடைச்சா அதுக்கும் சேத்து மார்க்கக் குறைப்பாங்க.

ஸ்கேல்: குறைக்க இன்னும் என்னக்கா மிச்சம் இருக்கு.

டெய்லரக்கா: ஏன், பாடம் நல்லாத்தானே போச்சு.

ஸ்கேல்: நல்லாப் போயிருந்தா பரீட்சை எடுக்க வந்த மேடம் எதுக்கு பெரிய டீச்சர் ரூம்ல கதவச் சாத்திக்கிட்டு எழுதறாங்க? போன தடவையும் இப்படித்தான். முக்கால் மணி நேரம் எழுதினாங்க. கடைசியில பாத்தா ஒரே ஒரு வரி.

டெய்லரக்கா: ஆரம்பிச்சுட்டியா. அந்த வரிய இன்னும் எத்தனை தடவ...

ஸ்கேல்: "பிள்ளைகளின் வேலையில் ஆசிரியரின் கை தெரிகிறது."

டெய்லரக்கா: தெரிஞ்சுதுதானே. இழுத்தா எழுந்து நிக்கற பொம்மை அட்டை செய்யுங்கன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டு, முப்பத்திரண்டு பொம்மையையும் நீயே வெட்டின.

ஸ்கேல்: பதினஞ்சுதான்.

டெய்லரக்கா: எண்ணி வேற வெச்சிருக்கா. சும்மாவா ட்ரெய்னிங்ல உனக்கு ஸ்கேல்னு பேரு வெச்சாங்க.

ஸ்கேல்: கோடு கோணினா எனக்குத் தாங்காதுக்கா. ஒரு பிள்ளை கத்திரியத் தப்பாப் பிடிச்சா என் விரல் தானா நீளும். இந்த வருஷம் பூரா நான் படிச்சதே அத அடக்கத்தான். இன்னிக்குப் பாத்தீங்கல்ல, ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டு...

டெய்லரக்கா: பாத்தேன். காவலுக்கு நிக்கற மாதிரி நின்ன. ஒரு பய உன்னப் பாத்துப் பயந்து பசைய மடியில கொட்டிக்கிட்டான்.

ஸ்கேல்: சிரிக்காதீங்க. உங்க பாடப் பரீட்சை போன வாரமே முடிஞ்சுது. பாஸ். எனக்கு இது ரெண்டாவது. இதுலயும் போச்சுன்னா வருஷத்தத் திரும்பப் படிக்கணும். மறுபடியும் அதே பெஞ்சு, அதே நோட்டு. நீங்க எல்லாரும் வேலைக்குப் போயிருப்பீங்க, நான் மட்டும் புதுப் பசங்களோட உக்காந்து அட்டை ஒட்டிக்கிட்டு இருப்பேன்.

டெய்லரக்கா: ஆகாது. வா, அந்தத் தூரிகையெல்லாம் இங்க தள்ளு. காஞ்சா பசை போகாது.

ஸ்கேல்: அக்கா.

டெய்லரக்கா: ம்.

ஸ்கேல்: அந்த முணுமுணுப் பிள்ளையோட அட்டை வண்டி எப்படி ஓடிச்சு?

டெய்லரக்கா: எப்படி ஓடும்... சக்கரத்துலதான்.

ஸ்கேல்: விளையாடாதீங்க. நேத்துப் பெல் அடிக்கற வரைக்கும் அது நகரல. பாட்டில் மூடியக் குச்சியில ஒட்டியிருந்தா. சரி. ஆனா அந்தக் குச்சியவும் அட்டைப் பெட்டியோட அடியிலயே பசை போட்டு ஒட்டிட்டா. அப்புறம் எப்படிச் சுத்தும்? மொத்தமும் கல்லு மாதிரி நின்னுச்சு.

டெய்லரக்கா: அதான் நீ பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தியே.

ஸ்கேல்: கேட்டதோட சரி. "எது சுத்தணும், எது சுத்தக் கூடாது"ன்னு கேட்டேன். அவ எனக்கு எங்க பதில் சொன்னா? வழக்கம்போல அந்தப் பெட்டிகிட்டயே என்னமோ முணுமுணுத்துக்கிட்டு இருந்தா. பெல் அடிச்சுது. நாளைக்குப் பாக்கலாம்னு சொல்லி ஜன்னல் மேடையில வெச்சோம்.

டெய்லரக்கா: ம்...

ஸ்கேல்: இன்னிக்குச் சரிவுப் பலகையில வெச்சா கடகடன்னு போகுது. போய் மேடத்தோட செருப்புல முட்டி நிக்குது.

டெய்லரக்கா: நல்லதுதானே.

ஸ்கேல்: அவ முகத்தப் பாத்தீங்களா?

டெய்லரக்கா: பாக்காம என்ன.

ஸ்கேல்: மத்த பிள்ளைங்க வண்டி ஓடினப்போ குதிச்சுதுங்க. இவ குனிஞ்சு வண்டியத் திருப்பி அடிப்பக்கத்தப் பாத்தா. பாத்துட்டு... யாரோட செருப்பையோ மாத்திப் போட்டுக்கிட்டு வந்துட்ட மாதிரி நின்னா.

டெய்லரக்கா: பிள்ளைக்குக் கூச்சம். அவ்வளவு பெரிய மேடம் முன்னால...

ஸ்கேல்: அந்த மேடம் மண்டி போட்டு உக்காந்து கேட்டாங்க, "இதை யாரும்மா சரி பண்ணினது"ன்னு. இவ என்னப் பாத்தா. அப்புறம் உங்களப் பாத்தா. நீங்க உடனே கரும்பலகையத் துடைக்கப் போயிட்டீங்க.

டெய்லரக்கா: பலகை அழுக்கா இருந்துச்சு.

ஸ்கேல்: அதுல ஒண்ணுமே எழுதலக்கா. அப்புறம்தான் சொன்னா. "நான்தான் செஞ்சேன்." இந்த வருஷத்துலயே அவ சத்தமாப் பேசின முதல் வார்த்தை அது. கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சு.

டெய்லரக்கா: ஏன் அப்படிச் சொன்னான்னு நினைக்கற?

ஸ்கேல்: எனக்கென்ன தெரியும்.

டெய்லரக்கா: நேத்து நீ என்ன சொன்ன பிள்ளைங்ககிட்ட? "நாளைக்கு உங்களுக்கு இல்ல, மிஸ்ஸுக்குத்தான் பரீட்சை, எல்லாரும் சமத்தா இருக்கணும்"னு.

ஸ்கேல்: சத்தம் போடாம இருக்கட்டும்னு சொன்னேன்.

டெய்லரக்கா: சத்தம் போடாம இருக்கற பிள்ளைக்குத்தான் அது நல்லாக் காதுல விழுந்திருக்கு.

ஸ்கேல்: அப்ப அவ செய்யலன்னு உங்களுக்குத் தெரியும்.

டெய்லரக்கா: நான் எங்க அப்படிச் சொன்னேன்.

ஸ்கேல்: அந்த ஸ்ட்ரா வெட்டின வெட்டப் பாத்தேன்க்கா. இங்க இருக்கற முப்பது கத்திரியும் மொட்டை. பிள்ளைங்க வெட்டினா ஓரம் நசுங்கி, பல் பல்லா நிக்கும். அதுல ரெண்டு ஸ்ட்ராவும் ஒரே அளவு. ஓரம் பிசிறில்லாம இருக்கு. துணி வெட்டற கத்திரியால போட்ட வெட்டு அது.

டெய்லரக்கா: அவ்வளவு கிட்டத்துல எப்ப பாத்த?

ஸ்கேல்: ...கிளாஸ்லதான். கையில எடுத்தப்போ.

டெய்லரக்கா: ம்.

ஸ்கேல்: பதினாலு வருஷம் தையல் கடை வெச்சிருந்தவங்க இந்த ஸ்கூல்ல எத்தனை பேருக்கா? பையில கத்திரியோட வர்றவங்க எத்தனை பேரு?

டெய்லரக்கா: போதும்டி. போலீஸ் உத்தியோகத்துக்குப் போக வேண்டியவ நீ.

ஸ்கேல்: ஏன் செஞ்சீங்க?

டெய்லரக்கா: நேத்து நீ வீட்டுக்குக் கிளம்பிட்ட. நான் ஜன்னல் சாத்த வந்தேன். முப்பத்தொரு வண்டி பாந்தமா நிக்குது. இது மட்டும்... மூக்கு கீழ குத்தி, பிடிவாதமா. தள்ளிப் பாத்தேன். மேடையத்தான் தேய்ச்சுது. நாளைக்கு அத்தனை பேர் முன்னால அது நகராம நிக்கும், அந்தப் பிள்ளை ஏற்கெனவே வாயத் திறக்கறதில்ல, இனிமே கண்ணையும் திறக்காதுன்னு தோணுச்சு. என்ன பெரிய வேலை? குச்சிய மெல்லப் பேத்து எடுத்தேன். ரெண்டு துண்டு ஸ்ட்ரா வெட்டினேன். பெட்டிக்கு அடியில டேப் போட்டு ஒட்டி, குச்சிய உள்ள விட்டேன். அஞ்சு நிமிஷம்.

ஸ்கேல்: அஞ்சு நிமிஷம்.

டெய்லரக்கா: கழுத்து கோணலா தெச்ச சட்டைய யாராவது போட்டுக்கிட்டுப் போனாலே என் கை துறுதுறுங்கும். ஒரு தடவ கல்யாண வீட்ல தெரியாத பொம்பளையோட ரவிக்கைக் கொக்கிய மாத்தி வெச்சுட்டேன். அவங்க சாப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க.

ஸ்கேல்: சிரிப்பு வரலக்கா.

டெய்லரக்கா: வர வேணாம்.

ஸ்கேல்: இன்னிக்குப் பாடமே ஓடாதத எப்படி ஓட வைக்கறதுங்கறதுதான். என் பாடக்குறிப்புல பெருசா எழுதியிருந்தேன். ஓடாத வண்டிதான் எனக்குப் பாடப் புத்தகம். நீங்க போய் அதத் திருத்தி வெச்சிருக்கீங்க.

டெய்லரக்கா: எனக்கு அது பாடமாத் தெரியல. பிள்ளையாத் தெரிஞ்சுது.

ஸ்கேல்: ட்ரெய்னிங்ல முதல் வாரம் ஞாபகம் இருக்கா? நம்ம எல்லாருக்கும் இதே பெட்டி, இதே குச்சி கொடுத்து வண்டி செய்யச் சொன்னாங்களே. நாற்பது டீச்சருங்க தரையில உக்காந்து அடிச்சுக்கிட்டோம்.

டெய்லரக்கா: மறக்குமா. உன் வண்டி பின்பக்கமாத்தான் போச்சு.

ஸ்கேல்: உங்களுது போகவே இல்ல. ரெண்டாவது நாளும் விடாம உக்காந்திருந்தீங்க. அப்ப அந்த மீசைக்காரர் வந்தாரே, நம்ம கூடப் படிக்கறவரு...

டெய்லரக்கா: "இங்க கொடுங்கம்மா"ன்னு வாங்கினான்.

ஸ்கேல்: ரெண்டு திருகு திருகிக் கொடுத்தாரு. ஓடிச்சு. எல்லாரும் கை தட்டினோம். அந்த வண்டிய என்ன செஞ்சீங்க?

டெய்லரக்கா: ...குப்பைத் தொட்டியில போட்டேன்.

ஸ்கேல்: மதியம் சாப்பிடக் கூட இல்ல நீங்க.

டெய்லரக்கா: போதும். விடு.

ஸ்கேல்: சரி.

டெய்லரக்கா: பிள்ளைங்க எழுதின அந்தத் தாளையெல்லாம் இங்க கொடு. மேடம் வந்தா கேப்பாங்க. நம்பர்படி அடுக்கணும்.

ஸ்கேல்: நேத்து நீங்கதானே எல்லார்கிட்டயும் வாங்கினீங்க. அடுக்கலையா?

டெய்லரக்கா: வாங்கி மேசையில வெச்சேன். அப்புறம்தான் ஜன்னல் சாத்தப் போனேனே. இந்தா, பாதி நீ பாரு. ஒண்ணாம் கட்டம், "என்ன செய்யப் போகிறேன்." ரெண்டாம் கட்டம், "என்ன நடந்தது." மூணாம் கட்டம், "நாளைக்கு என்ன மாற்றுவேன்." எல்லாம் நிரப்பியிருக்காங்களான்னு மட்டும் பாத்தாப் போதும்.

ஸ்கேல்: இவன் ரெண்டாம் கட்டத்துல ராக்கெட் வரைஞ்சிருக்கான்.

டெய்லரக்கா: நடந்தது அதுதான் போல.

ஸ்கேல்: இது வந்து... "நாளைக்கு என்ன மாற்றுவேன்? பெஞ்சை மாற்றுவேன். பக்கத்தில் இருப்பவன் இடிக்கிறான்."

டெய்லரக்கா: நியாயம்தான். மாத்திக் கொடு.

ஸ்கேல்: அக்கா, இது...

டெய்லரக்கா: என்னடி? யாரோட தாள் அது? ஏன் அப்படிப் பாக்கற?

ஸ்கேல்: முணுமுணுவோடது. நீங்களே படிங்க.

டெய்லரக்கா: கண்ணாடி பையில இருக்கு. நீ படி.

ஸ்கேல்: ரெண்டாம் கட்டம். "வண்டி நகரவில்லை. ஏன் என்றால் குச்சிக்கு வீடு இல்லை."

டெய்லரக்கா: வீடா?

ஸ்கேல்: மூணாம் கட்டம். "நாளைக்கு ஸ்ட்ராவில் வீடு கட்டி குச்சியை உள்ளே விடுவேன். வீடு ஒட்டி இருக்கும். குச்சி சுத்தும்." கீழ படம் போட்டிருக்கா. பெட்டி, அதுக்கு அடியில ரெண்டு குழாய். குழாய்க்குள்ள குச்சி. அம்புக்குறி போட்டு... எது சுத்தும், எது சுத்தாதுன்னு.

டெய்லரக்கா: இது... எப்ப எழுதினா?

ஸ்கேல்: நேத்து. மேல தேதி இருக்கு. நான் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். வாயால சொல்லல, எழுதி உங்க கையில கொடுத்துட்டுப் போயிருக்கா.

டெய்லரக்கா: என் கையிலயா கொடுத்தா.

ஸ்கேல்: ஆமா.

டெய்லரக்கா: நான் தாள வாங்கி மேசையில போட்டுட்டு, வண்டியப் பாத்துப் பரிதாபப்பட்டுக்கிட்டு நின்னிருக்கேன்.

ஸ்கேல்: ராத்திரி பூரா நினைச்சுக்கிட்டே வந்திருப்பா. காலையில வந்து தன் கையால வீடு கட்டப் போறோம்னு. வந்து பாத்தா கட்டி முடிஞ்சிருக்கு.

டெய்லரக்கா: அவ வரைஞ்ச அதே வீடு.

ஸ்கேல்: அதே வீடு.

டெய்லரக்கா: சொல்லாத. தண்ணி பாட்டில எடு.

ஸ்கேல்: இந்தாங்க.

டெய்லரக்கா: நான் போய் மேடத்துகிட்ட சொல்லிடறேன். நேரா கதவத் தட்டி, நான்தான்னு.

ஸ்கேல்: உக்காருங்க.

டெய்லரக்கா: கை என்னுது. உனக்கு இதுல என்ன இருக்கு?

ஸ்கேல்: பாடம் என்னுதுக்கா. மேடம் நிரப்பற படிவத்துல யாரு கைன்னு கேக்க மாட்டாங்க. "ஆசிரியரின் கை பட்டதா? ஆம், இல்லை." அவ்வளவுதான். இந்த அறையில இன்னிக்கு ஆசிரியர்னா நான். நீங்க உதவிக்கு நின்னவங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது.

டெய்லரக்கா: அதுதான்டி எனக்குப் பொறுக்கல. தப்பு நான் பண்ணி, வருஷம் உனக்குப் போறது.

ஸ்கேல்: அப்ப பேசாம இருங்க.

டெய்லரக்கா: பேசாம இருந்தா?

ஸ்கேல்: யோசிச்சுப் பாருங்க. அவளே "நான்தான் செஞ்சேன்"னு சொல்லிட்டா. நேத்துத் தேதியில அவ கையெழுத்துல திட்டம் இருக்கு. இன்னிக்கு அந்தத் திட்டப்படியே வண்டி ஓடுது. யாரு பாத்தாலும் என்ன சொல்லுவாங்க?

டெய்லரக்கா: பிள்ளையே செஞ்சான்னு.

ஸ்கேல்: அவளே செய்யறதாத்தானே இருந்துச்சு? ஒரு நாள் முன்ன பின்ன. வித்தியாசம் அவ்வளவுதான்.

டெய்லரக்கா: நீயா இப்படிப் பேசற?

ஸ்கேல்: எனக்கு மட்டும் ஆசையாக்கா? என்னால அந்தப் பெஞ்சுக்குத் திரும்பிப் போக முடியாது. முடியாதுன்னா முடியாது.

டெய்லரக்கா: சரி. நீ சொல்ற மாதிரி. நான் வாயத் திறக்கல. ஆனா ஒண்ணு, அந்தப் பிள்ளைய நாளைக்கு நான் எப்படிப் பாப்பேன்னு மட்டும் கேக்காத.

ஸ்கேல்: கேக்கல.

டெய்லரக்கா: கதவு திறக்கற சத்தம். எந்திரி. கண்ணத் துடை.

ஸ்கேல்: நான் ஒண்ணும் அழல.

டெய்லரக்கா: அப்ப எனக்குத் துடை.

மேடம்: ரெண்டு பேரும் இங்கதான் இருக்கீங்களா. உக்காருங்க, உக்காருங்க. இந்தக் குட்டி நாற்காலியில நான் உக்காந்தா எந்திரிக்க உங்க தயவு வேணும், அதனால நிக்கறேன். அந்த வண்டிப் பிள்ளையோட தாள் வேணுமே. மெதுவாப் பேசற பிள்ளை.

டெய்லரக்கா: இதோ... இதுதான் மேடம்.

மேடம்: "குச்சிக்கு வீடு இல்லை." அட. தேதி நேத்துது. படமும் போட்டிருக்கா. எது சுத்தும், எது சுத்தாது... இருபது வருஷமா வகுப்பு வகுப்பாப் போறேன். தாள்ல எழுதினது ஒண்ணு, செஞ்சது ஒண்ணாத்தான் இருக்கும். பாதிப் பேர் செஞ்சு முடிச்சுட்டு அப்புறம்தான் திட்டம் எழுதுவாங்க. டீச்சருங்களே எழுத வைப்பாங்க. முந்தின நாளே யோசிச்சு, மறுநாள் அதே மாதிரி செஞ்சு ஓட்டின பிள்ளைய எங்க பாக்கறது.

டெய்லரக்கா: நல்ல பிள்ளை மேடம்.

மேடம்: போன தடவை நான் எழுதினது உங்களுக்குக் கஷ்டமா இருந்திருக்கும். தெரியும். இந்தத் தடவை "ஆசிரியரின் கை பட்டதா"ங்கற இடத்துல "இல்லை"ன்னு எழுதிட்டேன். எழுதறதுக்கு எனக்கே சந்தோஷமா இருந்துச்சு. இன்னும் ஒரே ஒரு வரிதான் பாக்கி, கையெழுத்துப் போட்டுடலாம். "ஆசிரியர் அந்தக் குழந்தைக்கு எப்படி உதவினார்?" அத உங்க வாயாலயே கேட்டு எழுதணும்னு வந்தேன். சொல்லுங்க. அவளுக்கு நீங்க என்ன செஞ்சீங்க? ஒரு கேள்வி கேட்டீங்கன்னு பிள்ளைங்க சொன்னாங்களே, அதுவா?

டெய்லரக்கா: ஆமா மேடம், நல்ல கேள்வி. எது சுத்தணும், எது சுத்தக் கூடாதுன்னு...

ஸ்கேல்: அக்கா, இருங்க.

டெய்லரக்கா: சொல்லு, அதச் சொன்னாப் போதும்.

ஸ்கேல்: அது அவ செஞ்சது இல்ல மேடம்.

மேடம்: எது?

ஸ்கேல்: யோசிச்சது அவ. வரைஞ்சது அவ. வண்டியில பட்டது பெரியவங்க கை. "இல்லை"ன்னு எழுதினத அடிச்சிடுங்க.

டெய்லரக்கா: கை என்னுது மேடம். நேத்துச் சாயங்காலம், இவ போனதுக்கு அப்புறம். இவளுக்கு ஒண்ணும் தெரியாது. இன்னிக்குக் கிளாஸ்லதான் இவளும்...

ஸ்கேல்: தெரியும்க்கா.

டெய்லரக்கா: என்ன தெரியும்?

ஸ்கேல்: காலையில எல்லாருக்கும் முன்னால நான்தான் வந்து திறந்தேன். அந்த வண்டிய எடுத்துச் சக்கரத்தச் சுத்திப் பாத்தேன். சுத்திச்சு. வெட்டப் பாத்ததுமே நீங்கதான்னு தெரிஞ்சுது. நிமிஷத்துல பழையபடி கழட்டி வெச்சிருக்கலாம். நேரம் இருந்துச்சு. மேடம் வர்ற நாளாச்சே, முப்பத்திரண்டும் ஓடினா அழகா இருக்குமேன்னு... இருந்த இடத்துலயே வெச்சுட்டேன்.

டெய்லரக்கா: அடிப்பாவி. இவ்வளவு நேரம் என்னப் பிடிச்சு அந்தக் கேள்வி கேட்டியே.

ஸ்கேல்: நீங்க மட்டும் செஞ்சதா இருந்தா எனக்குக் கொஞ்சம் லேசா இருக்கும்னு பாத்தேன்.

மேடம்: ஒரு நிமிஷம். எனக்கு ஒண்ணு புரியல. நான் மண்டி போட்டுக் கேட்டப்போ அந்தக் குழந்தை நேரா என் கண்ணப் பாத்து "நான்தான்"னு சொன்னாளே. எட்டு வயசுப் பிள்ளை. அவளுக்கு அப்படிச் சொல்ல யாரு சொல்லிக் கொடுத்தது?

ஸ்கேல்: யாரும் சொல்லிக் கொடுக்கல மேடம். எனக்குப் பரீட்சைங்கறதால அவளாத்தான் சொன்னா. அப்புறம், எல்லாரும் வரிசையா வெளிய போறப்போ அவ மட்டும் நின்னு, என் புடவையப் பிடிச்சு இழுத்து, "மிஸ், நான் சொன்னது சரிதானே?"ன்னு கேட்டா. நான் அவளுக்கு என்ன செஞ்சேன்னு கேட்டீங்களே... சரின்னு தலையாட்டினேன்.